அப்பா வண்டிக்கு அளவெடுத்த கதை

நம்ம காலேஜ் பார்க்கிங் ஷெட்டுக்குள்ள ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. ரெண்டு கட்சி தெளிவா தெரியும். ஒண்ணு ‘ஸ்டாக்’ கட்சி. ஷோரூம்ல இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே வண்டி இருக்கணும், ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டக்கூடாது, சீட் மேல இருக்கிற பாலிதீன் கவர் கிழியறதா இருந்தாலும் தானா கிழியணும். இன்னொண்ணு ‘மாட்’ கட்சி (மாடு இல்ல, மாடிஃபிகேஷன்). வண்டி வாங்கின மறுவாரமே சாரி கார்டைக் கழட்டி வீசிட்டு, மிரரை ஹேண்டில்பார் முனைக்கு மாத்தி, பின் மட்கார்டைப் பாதியா வெட்டினாத்தான் இவங்களுக்குத் தூக்கம் வரும்.

கேன்டீன்ல ரெண்டு கட்சிக்கும் அடிக்கடி சண்டை நடக்கும். நாலு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். எல்லாமே லுக்கைப் பத்தின சண்டை. அந்த வண்டியில உக்காருற உடம்பைப் பத்தி ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல. பேசவும் மாட்டோம். இருபத்தொரு வயசுல நமக்கு முதுகுன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதே!

நான் சொல்லப்போறது ஐம்பத்து மூணு வயசு முதுகு ஒண்ணைப் பத்தி. எல்கேஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம். அதனால தமிழ்ல தடுக்கி விழற இடத்துல எடிட்டோரியல் டீம் கை குடுத்திருப்பாங்கன்னு நம்பறேன்.

அப்பாவுக்குக் கரூர்ல தொழில். பெட்ஷீட், தலையணை உறை, டேபிள் கிளாத், கிச்சன் டவல்னு ஏற்றுமதி பண்ற யூனிட்டுகளுக்கு நடுவுல நின்னு ஆர்டர் புடிச்சுக் குடுக்கிறது, துணி பாத்து எடுத்துக் குடுக்கிறது. வாரத்துக்கு ரெண்டு நாளாவது ஈரோடு போயாகணும். நொய்யல், கொடுமுடி வழியா ஒரு வழிக்கு 65 கிலோமீட்டர் பக்கம். நேரா போயிட்டு நேரா வர்ற பயணம் இல்ல. நடுவுல எந்த ஊர்ல எந்தத் தறி ஷெட்டுல என்ன ஓடுதுன்னு பாத்துட்டுத்தான் வருவார். பின் சீட்டுல சாம்பிள் மூட்டை இருக்கும்.

ரொம்ப வருஷம் ஒரு டிவிஎஸ் 50 வச்சே இதைப் பண்ணிட்டு இருந்தார். 2016-ல ஒரு நல்ல ஆர்டர் முடிஞ்ச கையோட அவெஞ்சர் க்ரூஸ் 220 வாங்கினார். நான் அப்ப ஏழாவது. மெரூன் கலர், கம்பி வீல், நல்லா அகலமா பின்னால வளைஞ்சு வர்ற ஹேண்டில்பார். எங்க தெருவுல அது தேர் மாதிரி வந்து நின்னுச்சு. அதுவரைக்கும் அப்பாவை நான் ‘வண்டி ஓட்டறவர்’னு நினைச்சதே இல்ல. டிவிஎஸ் 50-ல போறவர் வேலைக்குப் போறவர், அவ்வளவுதான். இதுல ஏறினதும் அவர் தோள் ரெண்டும் கொஞ்சம் அகலமாச்சு.

வண்டி ஓட்டாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். ‘க்ரூசர்’ங்கிறது அமெரிக்கக்காரங்க நேர் ரோட்டுக்குன்னு வளர்ந்த ஸ்டைல். சீட் தாழ்வா இருக்கும், கால் முன்னால நீண்டிருக்கும், ஹேண்டில்பார் உங்களைத் தேடி வரும். நம்ம ஊருக்கு இதைப் பெரிய அளவுல கொண்டு வந்தது 2001-ல வந்த கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர். 175 சிசி. அதோட வாரிசா 2005-ல அவெஞ்சர் வந்துச்சு. 2015 கடைசியில க்ரூஸ், ஸ்ட்ரீட்னு ரெண்டா பிரிஞ்சது. க்ரூஸ் சீட் உயரம் 737 மில்லிமீட்டர்தான். எனக்கு இது முக்கியமான நம்பர், ஏன்னா ரெண்டு பாதமும் முழுசா தரையில ஊனி நான் ஓட்டக் கத்துக்கிட்ட முதல் வண்டி அதுதான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால அப்பா சீட் மேல ஒரு துண்டை மடிச்சுப் போட ஆரம்பிச்சார். அப்புறம் ரெண்டு துண்டு. அப்புறம் அம்மா தச்சுக் குடுத்த ஒரு குட்டித் தலையணை. ஈரோடு போயிட்டு வந்த ராத்திரி திண்ணையில உக்காராம நின்னுட்டே பேசுவார். நான் ஹாஸ்டல்ல இருந்து வீடியோ கால் பண்றப்பெல்லாம் சுவர்ல சாஞ்சு நிக்கிற அப்பாவைத்தான் பாத்தேன். அவர் எதையும் சொல்ற ஆள் இல்ல. அம்மாதான் சொன்னாங்க, காலையில ஷூ போடக் குனிய முடியலைன்னு.

எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு. எல்4, எல்5-க்கு நடுவுல இருக்கிற டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. டாக்டர் ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், பிசியோதெரபி பண்ணுங்க, எடை தூக்காதீங்க, “முடிஞ்சா பைக்கை விட்டுட்டு பஸ்ல போங்க”ன்னார். டாக்டர் சொன்னது சரிதான். ஆனா பஸ் நொய்யலுக்குப் போகும், கொடுமுடிக்குப் போகும், மெயின் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் உள்ள இருக்கிற தறி ஷெட்டுக்குப் போகாது. அங்க நேர்ல போய்த் துணியைத் தொட்டுப் பாக்காத புரோக்கருக்கு ரெண்டு சீசன்ல வேலை இருக்காது. எங்க வீட்டுல இது யாரும் சத்தமா சொல்லிக்காத கணக்கு. என் செமஸ்டர் ஃபீஸ் இருக்கிற கணக்கும் அதுதான்.

அம்மா வண்டியை வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கலாம்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இருந்துச்சு. ஸ்கூட்டர் சக்கரம் 10 இஞ்ச், 12 இஞ்ச். சின்னச் சக்கரம் குழியில இன்னும் ஆழமா இறங்கி இன்னும் செங்குத்தா ஏறும். டவுனுக்குள்ள ஸ்கூட்டர் சுகம்தான். 65 கிலோமீட்டர் கிராமத்து ரோட்டுக்கு அது மருந்து இல்ல.

“வண்டியைக் கொஞ்சம் மாத்திப் பாக்கலாங்கப்பா”ன்னேன்.

உடனே, “அதெல்லாம் வேண்டாம் அம்மணி. செஞ்சவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?”ன்னுட்டார்.

இதை வெறும் பிடிவாதம்னு நினைச்சுடாதீங்க. அவர் தொழில் அப்படி. வெளிநாட்டு பையர் ஒரு சாம்பிளை அப்ரூவ் பண்ணிட்டா, அதுக்கப்புறம் அந்தத் துணி சாமி சிலை மாதிரி. ஒரு இஞ்சுக்கு இத்தனை இழைன்னா அத்தனைதான். கலர்ல ஒரு ஷேடு தப்பினாலும் மொத்தச் சரக்கும் ரிஜெக்ட். நல்லெண்ணத்துல ‘இன்னும் கொஞ்சம் கனமா இருந்தா நல்லா இருக்குமே’ன்னு நூலை மாத்தி நஷ்டப்பட்டவங்களை அவர் பாத்திருக்கார். ஒரிஜினலை மாத்தறதுங்கிறது அவர் அகராதியில புத்திசாலித்தனம் இல்ல, துரோகம். நம்ம ஸ்டாக் கட்சிக்காரங்களை விட அவர்கிட்ட இருக்கிற காரணம் நூறு மடங்கு வலுவானது.

நானும் அவர் பாஷையிலயே பேச வேண்டியதாப் போச்சு. “பெட்ஷீட்டுக்கு ஒரே அளவு போதுங்கப்பா, கட்டிலுக்குத்தானே போடறோம். சட்டைக்கு அப்படியா? எஸ், எம், எல், எக்ஸ்எல்னு வருதில்ல? வண்டி மட்டும் ஒரே சைஸ்லதான் வருது. அதைச் செஞ்சவர் உங்களை அளவெடுக்கலையே.”

அவர் பதில் சொல்லல. ஆனா மறுநாள் காலையில வண்டியை வாசல்ல எடுத்து நிறுத்தி, “அளவெடு”ன்னார்.

அளவுன்னா பெருசா ஒண்ணும் இல்ல. சென்டர்ல நிறுத்தி, அப்பாவை ஹெல்மெட்டோட உக்கார வச்சு, பக்கவாட்டுல இருந்து அம்மாவை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். போன்லயே காது, தோள், இடுப்பு எலும்பு, முட்டி, கணுக்கால்னு புள்ளி வச்சுக் கோடு போட்டேன். முதுகு அரிவாள் மாதிரி வளைஞ்சிருந்தது. அதைப் பாத்ததும் அம்மா, “நான் ஒன்பது வருஷமா பின்னாலயே உக்காந்திருக்கேன், இது எனக்குத் தெரியவே இல்லையே”ன்னாங்க.

ஏன் வளையுதுன்னு கொஞ்சம் சொல்லணும், இதுதான் இந்த விஷயத்தோட நடு முள்ளு. சாதாரண பைக்ல ஃபுட்ரெஸ்ட் கிட்டத்தட்ட உங்க இடுப்புக்குக் கீழ இருக்கும். பெரிய குழி வந்தா தானா கால்ல அழுத்தி அரை இஞ்ச் எந்திரிச்சுடுவீங்க. உங்க முட்டியே ஒரு ஷாக் அப்சார்பர். க்ரூசர்ல கால் முன்னால இருக்கு. எந்திரிக்க முடியாது. முயற்சி பண்ணிப் பாருங்க, ஹேண்டில்பாரைப் புடிச்சுத் தொங்கணும். அதனால வர்ற அடியெல்லாம் சீட் வழியா நேரா வால் எலும்புக்கு. அதுவும் போதாதுன்னு, கால் முன்னால நீண்டா இடுப்பெலும்பு பின்பக்கமா உருளும். கீழ்முதுகுல இயற்கையா இருக்கிற உள்வளைவு தட்டையாயிடும். ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-கள்ல டிஸ்க்குக்குள்ளயே ஊசி வச்சு அழுத்தத்தை அளந்து பாத்தவர். நிக்கிறதை விட, சாயாம உக்காரும்போது அழுத்தம் அதிகம்னு அவர் காட்டினார். அப்பா ஏன் நின்னுட்டே பேசினார்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

இது வண்டி மேல குறை இல்ல. நீளமான நேர் ரோட்டுல அதே உக்காரற விதம் சொகுசுதான். ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர் இருக்கிற ரோட்டுல, ஒன்பது வருஷம் உக்காந்து அமுங்கின ஃபோம் மேல, வலிக்கிற முதுகோட போறது வேற கணக்கு.

முதல்ல காசு செலவில்லாத வேலை. மாட் கட்சிக்காரங்க நிறைய பேர் இதைத் தொடவே மாட்டாங்க. கம்பெனியே மாத்திக்கச் சொல்லி விட்டிருக்கிற இடங்கள் வண்டியில இருக்கு, அதைத் திருப்பினா வண்டி ஸ்டாக்தான். பின் ஷாக்குல ஸ்பிரிங் டைட் அஞ்சு ஸ்டெப். கிளட்ச், பிரேக் லிவரோட சாய்வு. கியர் லிவரை ஒரு பல்லு மேல கீழ ஏத்திப் போடறது. ஹேண்டில்பார் கிளாம்ப்பை லூஸ் பண்ணிக் கொஞ்சம் பின்னால சுத்தறது. டயர்ல காத்து.

பின் ஷாக்கைக் குனிஞ்சு பாத்தேன். ரெண்டு பக்கமும் அஞ்சாவது ஸ்டெப். அதாவது இருக்கிறதுலயே இறுக்கம்.

“யாருங்கப்பா இதை வச்சாங்க?”

“நாந்தான். நீ, உங்கம்மா, நானு மூணு பேரும் போவோமில்ல, அப்ப பின்னால இடிக்குதுன்னு வச்சேன்.”

நான் பெட்ரோல் டேங்க் மேல உக்காந்து போன காலம் போய், நடுவுல நெருக்கி உக்காந்து போன காலமும் போய், ஹாஸ்டலுக்கு வந்தே நாலு வருஷம் ஆச்சு. அந்த ஸ்பிரிங் மட்டும் மூணு பேரைச் சுமக்கத் தயாரா இத்தனை நாளா நின்னிருக்கு. டூல் கிட்ல இருந்த சி-ஸ்பேனரை எடுத்து ரெண்டு பக்கமும் ரெண்டாவதுக்கு இறக்கினேன். தனியா போறவருக்கு அது போதும். அஞ்சு நிமிஷ வேலை. ஸ்பேனர்ல துருகூட இல்ல, யாரும் தொட்டாத்தானே.

டயர்ல காத்து எப்பவும் கூடவே இருந்தது. பங்க்ல ‘நாப்பது அடிப்பா’ன்னு சொல்றது அப்பாவோட பழக்கம், காத்து கூட இருந்தா மைலேஜ் கூடும்னு. மேனுவல்ல தனியா போனா எவ்வளவு, ரெண்டு பேர் போனா எவ்வளவுன்னு இருக்கு. அதைப் பாத்து செட் பண்ணிட்டு ஒரு பிரஷர் கேஜும் வாங்கி வச்சோம். இந்த ரெண்டு வேலைக்கு அப்புறம் ஈரோடு போயிட்டு வந்தவர், “ரோடு போட்டுட்டானா என்ன?”ன்னு கேட்டார். எனக்கு அது டிஸ்டிங்ஷன் வாங்கின மாதிரி.

இனி சீட். இங்கதான் என் ஃப்ரெண்ட்ஸ் ஆளுக்கொரு ஐடியா குடுத்தாங்க: ஜெல் பேட், காத்து அடிக்கிற குஷன், மெமரி ஃபோம். எல்லாருக்கும் ஒரே நம்பிக்கை, மெத்துனு இருந்தா சுகம். மெக்கானிக்கல் பசங்களுக்கு வைப்ரேஷன் சாப்டர் ஞாபகம் இருக்கும். ஸ்பிரிங் ஒண்ணு அதிர்வைக் குறைக்கணும்னா, வர்ற அதிர்வெண் அதோட இயல்பு அதிர்வெண்ணைப் போல √2 மடங்குக்கு மேல இருக்கணும். அதுக்குக் கீழ இருந்தா குறைக்காது, கூட்டிக் குடுக்கும். உக்காந்திருக்கிற மனுஷ உடம்பு செங்குத்து அதிர்வுல 4-ல இருந்து 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் ரொம்ப மோசமா பாதிக்கப்படும்னு ஐஎஸ்ஓ 2631 கட்டியிருக்கிற வளைகோடு சொல்லுது. ஆக, கன்னாபின்னான்னு மெத்தை போட்டா அந்த எல்லைக்குள்ளேயே அப்பாவைத் துள்ள விடலாம். இல்லைன்னா ஃபோம் முழுசா அமுங்கி, அடியில இருக்கிற பிளாஸ்டிக் தட்டுல உக்காருவார். பரீட்சைக்கு மட்டும் படிச்ச அந்தச் சமன்பாட்டை ஒரு ஆளோட இடுப்புக்குப் போட்டுப் பாத்தது அன்னைக்குத்தான்.

நல்லவேளையா எங்க ஊர் கரூர். பஸ் பாடி கட்டற ஊர். அதனால குஷன் வேலை தெரிஞ்சவங்களுக்குப் பஞ்சமே இல்ல. பஸ் சீட் செய்யற ஒரு அண்ணன்கிட்ட போனோம். நான் ஐஎஸ்ஓ அது இதுன்னு ஆரம்பிச்சேன். அவர் கேட்டுக்கிட்டே ஒரு ஃபோம் துண்டை எடுத்துக் கட்டைவிரலால அழுத்தினார். “பாப்பா, இது கடையில உக்காந்து பாக்கறப்ப சொர்க்கமா இருக்கும். பத்து கிலோமீட்டர்ல பலகை ஆயிரும். இது பாரு, இப்ப கல்லாட்டம் இருக்கும், அம்பது கிலோமீட்டர் போனாலும் இப்படியே இருக்கும். கல்லை அடியில வச்சு மேல ஒரு விரக்கடை மெத்தை போட்டா முடிஞ்சுது.” நாலு வருஷ பி.இ. நாலு வரியில முடிஞ்சுது.

அவர் ஒரு காரியம் பண்ணினார், பாத்து ரசிச்சேன். சீட் மேல சாக்பவுடரைத் தூவி, மேல ஒரு கறுப்பு ரெக்சினைப் போட்டு அப்பாவை உக்காரச் சொன்னார். எந்திரிச்சதும் ரெக்சின் அடிப்பக்கம் ரெண்டு வெள்ளை வட்டம், நடுவுல சின்னதா ஒரு திட்டு. வட்டம் ரெண்டும் உக்காரற எலும்பு, அது எடை தாங்கலாம். நடுத்திட்டு வால் எலும்பு, அது தாங்கக்கூடாது. அந்த இடத்துல ஃபோம்ல ஒரு பள்ளம் எடுத்தார். பின்பக்கம் ஒரு சின்ன மேடு, இடுப்பெலும்பு உருளாம புடிச்சு நிறுத்தறதுக்கு. மொத்தமா சீட்டை ரெண்டு சென்டிமீட்டர் ஏத்தினோம். அதுலயே இடுப்பு மடக்கம் கொஞ்சம் விரியுது. அப்பா உயரம் 163 சென்டிமீட்டர். சீட் தாழ்வா இருக்கிறதால, ஏத்தின பிறகும் கால் தரையில நல்லா ஊனுது.

அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். பழைய சீட்டுல கத்தி படக்கூடாது. அதனால பழைய இரும்புக் கடையில ஒரு வெறும் சீட் தட்டு தேடிப் புடிச்சு அதுல கட்டினோம். ஒரிஜினல் சீட் இப்ப பெட்ஷீட் சுத்தி பரண் மேல தூங்குது. மொதல்ல எனக்கு இது அதிகமா தெரிஞ்சுது. இப்ப யோசிச்சா, நான் கேட்ட மாட் லெக்சர் எதையும் விட இது தெளிவான விதி. ஸ்பேனர் எடுத்துத் திரும்பப் பழையபடி ஆக்க முடிஞ்சா செய். வெட்டணும், வெல்டிங் வைக்கணும்னா வேண்டாம்.

அந்த விதியில அடிபட்டுப் போனது நிறைய. ஃபுட்ரெஸ்ட்டை இன்னும் முன்னால தள்ளற கிட் ஒண்ணு, “செம லுக்கா இருக்கும்”னு பசங்க சொன்னது. லுக்கா இருக்கும், முதுகு இன்னும் அரிவாளாகும். தலைக்கு மேல கை தூக்கற மாதிரி உயரமான ஹேண்டில்பார். அதைப் போட்டா கிளட்ச் வயரும் ஆக்சிலரேட்டர் வயரும் பிரேக் ஹோஸும் நீளம் பத்தாது. நேரா போறப்ப தெரியாது. ஒரு பக்கம் முழுசா திருப்பறப்ப வயர் இழுபட்டு ஆக்சிலரேட்டர் தானா ஏறும். அகலமான பின் டயர், 130-க்குப் பதிலா 150. க்ரூசருக்குக் கம்பீரம்தான், ஆனா சக்கரத்து எடை கூடினா ஷாக்குக்கு வேலை கூடும், அடியும் கூடும்.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்ததுக்கு மாறிப்போற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில கேரளாவில இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொல்லுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு போட்டிருக்காங்க. சைலன்ஸர் மாத்தி ஹாஸ்டலை எழுப்பறவங்க கவனிக்க. ஃபோமுக்கு ஆர்.சி.யில காலம் கிடையாது.

குஷன் கடைக்கு வர்றேன். அப்பாவுக்கு அளவெடுத்து முடிஞ்சதும் அந்த அண்ணன் சும்மா பேச்சுவாக்குல சொன்னார். “டிரைவர் சீட்டு செய்யறப்ப டிரைவரை வரச்சொல்லி உக்கார வச்சுத்தானுங்க செய்வோம். பாசஞ்சர் சீட்டுக்கு யாரைக் கூப்பிடறது? எல்லாம் ஒரே அச்சு.”

கூட வந்திருந்த அம்மா, “ஏனுங்க தம்பி, அப்ப நான் பாசஞ்சர் சீட்டுங்களா?”ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சோம். அம்மா சிரிக்கல. ஒன்பது வருஷமா சொல்லாததெல்லாம் அப்பதான் வெளிய வந்துச்சு. பின் சீட்டுல இருக்கிற சாய்மானம் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருறவங்களுக்கு. சேலை கட்டி ஒரு பக்கமா உக்காந்தா அது முதுகுல படாது, கை முட்டியில இடிக்கும். சீட் ஓரம் சரிவா இருக்கிறதால ஒவ்வொரு பிரேக்குக்கும் வெளிப்பக்கமா வழுக்கும். வழுக்காம இருக்க அப்பா சட்டையைப் புடிச்சுக்கிட்டே வந்தா, இறங்கறப்ப தோள்பட்டை விட்டுப் போகும். கரூர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நடந்தே போறேன்னு அவங்க சொல்றது பக்தின்னு நாங்க நினைச்சிருந்தோம்.

நம்ம ரெண்டு கட்சியும் மறந்துபோற ஆள் இதுதான். பின்னால உக்காருறவங்க. சட்டம்கூட அவங்களை மறக்கல. மத்திய மோட்டார் வாகன விதி 123 படி, பின்னால இருக்கிறவருக்குப் புடிச்சுக்கக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காம பின்சக்கரத்துல பாதியையாவது மறைக்கிற தடுப்பு மூணும் இருக்கணும். அந்தத் தடுப்புதான் சாரி கார்டு. நம்ம ஷெட்டுல வண்டி வந்த மறுவாரம் குப்பைக்குப் போறது அதுதான், ‘லுக் போயிடுது’ன்னு. யார் சேலையைப் பத்தியும் அந்த லுக்குக்குக் கவலை இல்ல.

அம்மாவுக்கும் அளவெடுத்தாங்க. இடது ஓரத்துல மட்டும் கெட்டி ஃபோம் வச்சு சரிவை நிமித்தினார் அந்த அண்ணன். சாய்மானத்தை ரெண்டு போல்ட்டுல கழட்டிக்கிற மாதிரியே விட்டாச்சு. சாரி கார்டுல இருக்கிற கால் தட்டுக்கு வழுக்காத ரப்பர். ரெண்டு பக்கம் கால் போட்டு உக்காருறதுதான் பேலன்ஸுக்கு நல்லது, சுடிதார் போட்டுக்கோங்கன்னு நானும் சொல்லிட்டே இருக்கேன். வெளியூருக்கு மட்டும் ஒத்துக்கிட்டாங்க. உள்ளூர்ல “பாக்கறவங்க என்ன நினைப்பாங்க”. அதுக்கு ஸ்பேனர் இன்னும் கண்டுபிடிக்கல.

மொத்தச் செலவு, அந்த பழைய தட்டையும் பிரஷர் கேஜையும் சேத்து 3,100 ரூபாய். அப்பா வலி போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. பிசியோ எக்சர்சைஸ் தினமும் பண்றார், அதை விட்ட வாரம் வலிக்குது. சாம்பிள் மூட்டையைப் பாதியாக்கிட்டார், மீதி பார்சல்ல போகுது. ரொம்ப முடியாத நாள் ரயில்ல போறார். கொடுமுடியில கட்டாயம் இறங்கி ஒரு டீ, பத்து நிமிஷம் நடை. இதுல எந்த அளவு சீட்டால, எந்த அளவு நடையாலன்னு பிரிச்சு கிராஃப் போட எனக்கு ஆசைதான், அவர் விடமாட்டார். ஆனா தறி ஷெட்டுக்குப் போறார். ராத்திரி வீடியோ கால்ல உக்காந்து பேசறார். துண்டும் தலையணையும் சீட்டை விட்டு இறங்கியாச்சு.

சி-ஸ்பேனர் டூல் கிட்ல இருந்து ஹால் ஜன்னல் ஓரத்துக்கு வந்துடுச்சு. போன வெள்ளிக்கிழமை அப்பா போன் பண்ணினார். நாளைக்கு அம்மாவும் அவரும் கொடுமுடி கோயிலுக்குப் போறாங்களாம், ஷாக்கை எத்தனாவதுல வைக்கணும்னு கேட்டார்.

“மூணாவதுல வைங்கப்பா.”

“நீ வர்றப்ப அஞ்சா?”

“நான் வந்தா மூணு பேர் ஆயிரும்ங்கப்பா. நொய்யல் தாண்டறதுக்குள்ள புடிச்சு ஃபைன் போட்டுருவாங்க.”

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், “அப்ப நீ ஓட்டு. உங்கம்மா பின்னால உக்காரட்டும். நான் பஸ்ல வந்துடறேன்”னார்.